மூன்று வருடக் கையெழுத்து

ஆகஸ்ட் 24, 2025, ஞாயிறு
அயனாவரம்

காலை ஆறரைக்கு மகள் கூப்பிட்டாள். மிச்சிகனில் அப்போது சனிக்கிழமை இரவு ஒன்பது. வேலை உறுதியாகிவிட்டதாம். வடக்கு டகோட்டா மாநிலத்தில் இரண்டாயிரம் பேர் வசிக்கும் ஓர் ஊர். "நானும் உன்னைப் போலக் கிராமத்து டாக்டர் ஆகப்போகிறேன் அம்மா" என்று சிரித்தாள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டேன். பால் பொங்கவில்லை.

அமெரிக்காவில் பயிற்சி முடித்துவிட்டு ஏன் இப்படி ஒரு சின்ன ஊருக்கு என்று உறவுக்காரர்கள் எல்லோரும் கேட்பதால் இங்கேயே ஒருமுறை எழுதிவைக்கிறேன். ஜே-1 விசாவில் மருத்துவப் பயிற்சிக்குப் போகிறவர்கள், பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் வந்து இருக்க வேண்டும். அது அங்கே சட்டம். டாக்டர் பற்றாக்குறை என்று அரசு குறித்துவைத்த பகுதியில் மூன்று வருடம், வாரம் 40 மணி நேரம் வேலை செய்ய ஒப்புக்கொண்டால் அந்தக் கட்டாயம் தள்ளுபடி. அங்கே வேலை பார்ப்பதற்கான எச்-1பி விசாவும் குலுக்கல் இல்லாமல் கிடைக்கும். மாநிலத்துக்கு வருடம் 30 பேர். 1994-இல் தொடங்கியபோது 20 பேர்தான். கொண்டுவந்தவர் வடக்கு டகோட்டாவின் செனட்டர் கென்ட் கான்ராட். அதனால் திட்டத்துக்கே கான்ராட் 30 என்று பெயர். அவருடைய மாநிலத்துக்கே போகிறாள் இவள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

"பேட்டியில் நீ என்னென்ன கேட்டாய்?" என்றேன். சம்பளம், விடுமுறை, கிரீன் கார்டுக்கு எப்போது மனுப் போடுவார்கள் என்றாள்.

"நடு இரவில் ரத்தம் தேவைப்பட்டால் எங்கிருந்து வரும் என்று கேட்டாயா?"

பதில் இல்லை.

நானும் கேட்டதில்லை. 1987-இல் ஜவ்வாது மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உத்தரவு வந்தபோது, குவார்ட்டர்ஸ் உண்டா என்று மட்டும் கேட்டேன். உண்டு என்றார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பது போன பிறகு தெரிந்தது. ஜீப்பும் இருந்தது, டீசல் வாங்கத்தான் பணம் வராது. இரண்டாவது மாதம், மழை இரவில், ஒரு பெண்ணை டோலியில் கட்டித் தூக்கிவந்தார்கள். குழந்தை பிறந்து நான்கு மணி நேரமாகியும் நஞ்சுக்கொடி விழவில்லை. கீழே அனுப்ப வழியில்லை. நர்சக்கா ஒரு கையில் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அந்தப் பெண்ணின் அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருந்தார். கையை உள்ளே விட்டு நஞ்சுக்கொடியை எடுப்பதை மருத்துவக் கல்லூரியில் நான் பார்த்திருந்தேன், செய்ததில்லை. "கை நடுங்கினால் நடுங்கட்டும் டாக்டரம்மா, உள்ளே விடுங்கள், நான் சொல்கிறேன்" என்றார். அவர் சொல்லச் சொல்லத்தான் எடுத்தேன். விளக்கின் கண்ணாடியில் ஒரு பக்கம் கரி படிந்திருந்ததும், நர்சக்கா அதை அடிக்கடி திருப்பித் திருப்பி வெளிச்சமுள்ள பக்கத்தை எனக்குக் காட்டியதும் இன்றும் கண்ணில் நிற்கின்றன.

அந்தப் பெண் பிழைத்தாள். நான் மூன்று வருடம் முடிந்ததும் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு சென்னைக்கு வந்துவிட்டேன். பதினான்கு மாதம் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை என்று நர்சக்கா கடிதம் எழுதினார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஒப்பந்தத்தை அனுப்பியிருந்தாள். போனில் படிக்கக் கண் ஒத்துழைக்கவில்லை. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் 19 பக்கம் எடுத்துக்கொண்டு வந்தேன். கடைப் பையன் தாளைப் புரட்டிவிட்டு, "அமெரிக்காவா ஆன்ட்டி? எந்த ஊர்?" என்றான். ஊர்ப் பெயரைச் சொன்னேன். அவன் முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது. நியூயார்க் என்று சொல்லியிருக்கலாம்.

இவள் சேரப்போவது போன்ற சின்னக் கிராமத்து மருத்துவமனைகளுக்கென்றே அங்கே 1997-இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. 25 படுக்கைக்கு மேல் கூடாது. அடுத்த மருத்துவமனை பொதுவாக 35 மைலாவது தள்ளி இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அரசு செலவுக் கணக்குப் பார்த்துப் பணம் கொடுத்து மூடாமல் காப்பாற்றும். 3,500 பேருக்கு ஒரு டாக்டர்கூட இல்லையென்றால் அவர்கள் அதைப் பற்றாக்குறை என்கிறார்கள். எங்கள் மலைக்கு 20,000 பேருக்கு ஒரு நிலையம் என்பதே திட்டம். சமவெளியில் 30,000.

மூன்று வருடத்துக்கு முன் விலகினால் சேரும்போது கொடுத்த போனஸைத் திருப்பித் தர வேண்டும் என்று 11-ஆம் பக்கத்தில் இருக்கிறது. இங்கேயும் பத்திரம் எழுதி வாங்குகிறார்கள். மலைக்குப் போகும் அரசு டாக்டருக்கு மேற்படிப்பில் கூடுதல் மதிப்பெண் கொடுக்கிறோம். அவர்கள் விசாவைக் காட்டி இழுக்கிறார்கள், நாம் பி.ஜி. சீட்டைக் காட்டி இழுக்கிறோம். நானும் அந்த சீட்டுக்காக நாள் எண்ணியவள்தான்.

ஒப்பந்தத்தை வைக்கக் கோப்பைத் திறந்தபோது இன்னொரு தாள் அகப்பட்டது. 2023-இல் இவள் கிளம்புமுன் டில்லி சுகாதார அமைச்சகத்திலிருந்து வாங்கிய கடிதத்தின் நகல். ஜே-1 விசாவுக்கு அது இல்லாமல் முடியாது. இந்தத் துறையில் எங்கள் நாட்டுக்கு டாக்டர்கள் தேவை, இவர் பயிற்சி முடித்துத் திரும்பி வருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பது சாரம். அதற்கான உறுதிமொழியில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. இரண்டையும் ஒரே கோப்பில் வைக்க மனம் வரவில்லை, தனித்தனியாக வைத்தேன்.

செப்டம்பர் 20, சனி

காலையிலிருந்து போன் ஓயவில்லை. புதிய எச்-1பி மனு ஒவ்வொன்றுக்கும் ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அதிபர் டிரம்ப் நேற்று கையெழுத்திட்டிருக்கிறார். நம் பணத்தில் 88 லட்சம். 25 படுக்கை மருத்துவமனை எங்கே போகும் அதற்கு? மகளுடையதும் புது மனுதான். மருத்துவமனையின் வக்கீல், பொறுங்கள் என்கிறாராம். "வேலை போனால் திரும்பி வந்துவிடுகிறேன், அறை இருக்கிறதல்லவா?" என்றாள். இருக்கிறது என்றேன். சட்டென்று ஒரு சந்தோஷம் வந்தது. அது அவள் காதில் விழுந்திருக்கக் கூடாது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பழைய ஸ்டெதஸ்கோப்புக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன். குழாய் விறைத்துவிட்டது, ஆனாலும் தூக்கிப்போட முடியவில்லை. அங்கே இன்று புது நிதியாண்டு தொடக்கம். பெரும்பாலான மாநிலங்கள் கான்ராட் விண்ணப்பங்களை வாங்கத் தொடங்கும் நாள். கேட்பு அதிகமுள்ள மாநிலங்களில் 30 இடமும் சீக்கிரமே முடிந்துவிடுமாம், இவளுடைய மாநிலத்தில் அந்த நெரிசல் இல்லை. இவளுடைய விண்ணப்பத்தை அனுப்பியாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், நிதி ஒதுக்கீடு நிறைவேறாமல் அமெரிக்க மத்திய அரசு இன்றுமுதல் முடங்கிக் கிடக்கிறது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கிற மாநில அலுவலகம் மட்டும் திறந்திருக்கிறது.

ரத்தம் பற்றிக் கேட்டுவிட்டாளாம். ஓ நெகட்டிவ் இரண்டு யூனிட் வைத்திருப்பார்கள், மற்றதற்கு ஹெலிகாப்டர். பனிப்புயலில் ஹெலிகாப்டர் பறக்காது. டீசல் இல்லாத ஜீப் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

நேற்று தீபாவளி. இன்று மழை கொட்டுகிறது. தெருவெல்லாம் நனைந்த பட்டாசுக் காகிதம் மிதக்கிறது. அமெரிக்காவுக்குள்ளேயே இருந்துகொண்டு விசா வகையை மாற்றுகிறவர்களுக்கு அந்த ஒரு லட்சம் டாலர் கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். மகள் அழுதாள், அப்புறம் சிரித்தாள். அவர் உடனே ஸ்வீட் வாங்கக் குடையோடு கிளம்பிவிட்டார். வீடு நிறைய தீபாவளிப் பலகாரம் இருப்பது நினைவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

மாநிலத்தின் பரிந்துரை வந்துவிட்டது. இனி வாஷிங்டனில் வெளியுறவுத் துறை, அதன் பிறகு குடியேற்றத் துறை. வரும் ஜூலையில் சேருகிறாள். நேற்று வீடு பார்க்க அந்த ஊருக்குப் போயிருந்தவள் வீடியோவில் காட்டினாள். ஒரே ஒரு தெரு, தானியக் கிடங்கு, தேவாலயம், எதிரே மருத்துவமனை. பள்ளிக்கூடத்தைக் காட்டச் சொன்னேன். எதற்கு என்றாள். கல்யாணமே ஆகவில்லையே என்றாள். சும்மாதான் என்றேன்.

மதியம் போளூருக்கு, நர்சக்காவுக்குப் போன் செய்தேன். மகன் வீட்டில் இருக்கிறார், 81 வயது, காது மந்தம். பனி, ஹெலிகாப்டர், விசா எல்லாம் கத்திக் கத்திச் சொன்னேன். எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ. கடைசியில் ஒன்று கேட்டார்:

"அங்கே பாப்பாவுக்கு என் மாதிரி யாராவது இருக்கிறார்களா டாக்டரம்மா?"

19 பக்கத்தையும் இரண்டு முறை படித்தவள் நான். இதைக் கேட்கத் தோன்றவில்லை. உடனே மகளுக்குச் செய்தி அனுப்பினேன். இரவு எட்டரைக்குப் பதில் வந்தது:

"ஒருவர் இருக்கிறார் அம்மா. 34 வருட சர்வீஸ். நேற்று அவர்தான் என்னைச் சுற்றிக் காட்டினார். மார்ச்சில் ஓய்வு பெறுகிறார்."

நர்சக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை.