700 மில்லி

காலையில் கண் விழித்ததும் நான் செய்கிற முதல் வேலை, என் கணவரின் இடது மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துப் பார்ப்பது. தேனீ ஒன்று தோலுக்கு அடியில் மாட்டிக்கொண்டதுபோல விர்ரென்று ஓர் அதிர்வு இருக்கும். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்த இடம் அது, ஃபிஸ்டுலா என்பார்கள். அதிர்வு இருந்தால் ரத்தம் ஓடுகிறது. அது நின்றுபோனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். விரலில் அது தட்டுப்பட்டதும் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று சொல்லிவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவேன்.

இவருக்குப் பல வருஷமாகச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உண்டு. கால் வீங்கியது, சாப்பாடு பிடிக்கவில்லை, பரிசோதனையில் கிரியாட்டினின் 9 என்று வந்தது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார் டாக்டர். முதலில் கழுத்தில் குழாய் வைத்து டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். கையில் ஃபிஸ்டுலா போட்டு, அது தேறி வர இரண்டு மாதம் ஆனது. செவ்வாய், வியாழன், சனி, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பதால் டயாலிசிஸ் செலவு அதில் போய்விடுகிறது. பஸ் செலவும் வெளியே வாங்கும் மாத்திரைகளும் எங்கள் பாடு.

எங்களைப் படுத்தியது தண்ணீர்தான். போகிற சிறுநீரின் அளவோடு அரை லிட்டர் சேர்த்து, அதற்குமேல் குடிக்கக் கூடாது என்றார்கள். இவருக்கு அது 700 மில்லி. காபி, ரசம், மோர், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். பாளையங்கோட்டை வெயிலில்! ஒரு பாட்டிலில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக் காலையில் நிரப்பி வைப்பேன். ரசத்துக்கு ஒரு கரண்டி என்றால் அந்தக் கரண்டி தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துவிடுவேன். காய்கறியை நறுக்கி வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், பொட்டாசியம் குறைவதற்கு. இளநீர் கூடவே கூடாது. முதல் கோடையில் ஒரு மத்தியானம், நான் பாத்திரம் கழுவுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, "அந்தக் குழாயை மூடு" என்று கத்தினார். அதற்குமுன் என்னிடம் குரல் உயர்த்தியதே இல்லை. அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "அழுதுக்கம்மா, அவன் முன்னால அழாத" என்றார்கள்.

இதைச் சொல்லத்தான் எழுத ஆரம்பித்தேன்: மூன்றாவது மாதம் நாங்கள் ஒரு தடவை டயாலிசிஸுக்குப் போகவில்லை. வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒருவர், "விசுவாசம் இருந்தால் மெஷின் எதற்கு?" என்று கேட்டார். இவர் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். உபவாசம் இருந்தோம், சனிக்கிழமை போகவில்லை. ஞாயிறு ராத்திரி இரண்டு மணிக்கு இவரால் படுக்க முடியவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். ஆட்டோவில் கொண்டுபோனோம். நுரையீரலில் நீர் ஏறிவிட்டது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார்கள். மெஷின் ஓடிய நேரம் முழுக்க வெளியே பெஞ்சில் இருந்தேன். ஜெபம் வரவில்லை. "மன்னியும்" என்ற ஒரு சொல்தான் திரும்பத் திரும்ப வந்தது.

அந்த வாரம் எங்கள் சபைப் போதகர் வந்தார், ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். திட்டவில்லை. பைபிளில் அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி சபையாருக்கு எழுதிய நிருபத்தை, அதாவது கடிதத்தை எடுத்து, "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்பதை வாசித்தார். மனரம்மியம் என்றால் மனநிறைவு. சின்ன வயதில் மனப்பாடமாகச் சொல்லிப் பரிசு வாங்கிய வசனம். "'கற்றுக்கொண்டேன்' என்கிறார் பாருங்கள். பவுலுக்கே ஒரே நாளில் வரவில்லை" என்றார் ஐயர். அவர் போன பிறகு நான்கு அதிகாரத்தையும் உட்கார்ந்து படித்தேன். பவுல் கட்டுண்டு கிடந்த இடத்திலிருந்து எழுதியது. பிலிப்பி சபையார் உதவியோடு அனுப்பிய எப்பாப்பிரோதீத்து நோயில் விழுந்து சாகக் கிடந்திருக்கிறான். தேவன் இரங்கியிராவிட்டால் தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்று பவுல் அதே நிருபத்தில் எழுதுகிறார். மனரம்மியம் கற்றுக்கொண்டவருக்கும் துக்கம் உண்டு. அதைப் படித்த அன்றுதான், அழுததற்காக ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்பதை விட்டேன்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. எனக்குப் போதும் என்று எழுதிய கையோடு பவுல், என் உபத்திரவத்தில் நீங்கள் பங்கெடுத்தது நல்லது என்றும் சொல்கிறார். நாங்கள் யாரிடமும் எதுவும் வாங்காத குடும்பம்; அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பெண்கள் ஐக்கிய சங்கத்தார் கவரில் பணம் வைத்துக் கொடுத்தபோது முதல் தடவை திருப்பிவிட்டேன். இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டேன். அப்புறம் சபையில் ஒரு தம்பி சனிக்கிழமைகளில் தன் பைக்கில் இவரைக் கூட்டிப்போவதாகச் சொன்னான், சரி என்றேன். சபையின் பொது விருந்தான அசனத்தன்று எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும்போது, இவருக்கு மட்டும் உப்புக் குறைத்த குழம்பைத் தனிக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். நான் கேட்கவே இல்லை.

என் சிறுநீரகத்தைக் கொடுக்கலாம் என்றால், எனக்கும் இவருக்கும் ரத்த வகை சேரவில்லை. அரசாங்கத்தின் உறுப்பு மாற்றுப் பட்டியலில் பெயர் பதிந்திருக்கிறோம். ராத்திரி போனை அணைப்பதில்லை. சுகம் தாரும் என்று தினமும் கேட்கிறோம், டயாலிசிஸுக்கும் போகிறோம். சில நாள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. சில நாள் இவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார், அன்றைக்கு நான் சங்கீதத்தைச் சத்தமாக வாசித்துவிட்டுச் சும்மா இருப்பேன்.

நேற்று ராத்திரி ஜெபம் முடிந்ததும் பாட்டிலைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். இரண்டு மடக்கு மிச்சம் இருந்தது. "இன்னைக்கு மீந்திருக்கு பாத்தியா" என்று சொல்லி, மெதுவாகக் குடித்துவிட்டுப் படுத்தார். காலையில் விரலை வைத்துப் பார்த்தேன், அதிர்வு இருந்தது.