திடீரென்று வேலையை விட்டேன், ஐந்து மாதம் கழித்துத்தான் என் பேப்பர்கள் கைக்கு வந்தன

2023 மார்ச் 17 ராத்திரி அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஆற்காட்டிலிருந்து ஆம்புலன்ஸில் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனோம். அண்ணன் துபாயில், அம்மாவுக்குத் தனியாக ஆஸ்பத்திரியில் சமாளிக்கத் தெரியாது. நான் ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் க்யூசி, அதாவது தரம் பார்க்கும் வேலை. விடிகாலை நாலு மணிக்கு சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் விஷயத்தை எழுதி அனுப்பினேன், பத்து நாள் கழித்து இனி வர முடியாது என்று ராஜினாமாவையும் அதே போனிலிருந்து மெயிலில் அனுப்பினேன். நோட்டீஸ் கொடுக்கவில்லை, அது என் பக்கத் தவறுதான். ஆனால் அதற்காக அவர்கள் பிடித்து வைத்தது கொஞ்சநஞ்சமல்ல.

ஏப்ரல் முதல் வாரம் போய்க் கேட்டபோது எச்.ஆர். மேடம் சொன்னது இது: "நீங்க அப்ஸ்காண்டிங், மூணு மாச சம்பளம் கட்டுங்க, அப்புறம் ரிலீவிங் லெட்டர் பாக்கலாம்." அதாவது நான் சொல்லாமல் ஓடிப்போனவளாம். மார்ச் மாதம் வேலை செய்த 17 நாள் சம்பளம் இல்லை, லீவு பணம் இல்லை, கிராஜுட்டி என்கிற பணிக்கொடை இல்லை, பி.எஃப். கணக்கில் வேலையை விட்ட தேதி போடவில்லை. எல்லாவற்றையும் விட, சேரும்போது வாங்கி வைத்துக்கொண்ட என் டிப்ளமோ ஒரிஜினல் அவர்கள் பீரோவில் இருந்தது. வெளியே வந்து முத்துக்கடை பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன். அப்பாவின் மருந்துச் செலவுக்கே அண்ணன் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்திருந்த நேரம் அது, மூன்று மாதச் சம்பளத்துக்கு எங்கே போவேன்?

வழி காட்டியவர் அப்பாவின் நண்பர், தோல் தொழிற்சாலைத் தொழிற்சங்கத்தில் பல வருடம் இருந்த ஒரு மாமா. அப்பாவைப் பார்க்க வந்தவர் நான் எழுதி வைத்திருந்த நீளமான புகார் கடிதத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டிக்கினு போய் நிக்காதம்மா. சம்பளத்துக்கு ஒரு சட்டம், கிராஜுட்டிக்கு ஒரு சட்டம், பி.எஃப்.க்கு வேற ஆபீஸ். ஒண்ணுக்காக இன்னொண்ணைப் பிடிச்சு வைக்க அவங்களுக்கு உரிமை இல்ல. நீ பிரிச்சுக் கேளு." அன்றைக்கே கடிதத்தைக் கிழித்துவிட்டு நாலாகப் பிரித்து எழுதினேன். அவர்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி வைத்திருந்ததால்தான் நான் பயந்துபோயிருந்தேன் என்பது பிரித்து எழுதியபோது புரிந்தது.

முதலில் என் கடனைப் பார்த்தேன். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைத் தேடி எடுத்துப் படித்தால் நோட்டீஸ் ஒரு மாதம் அல்லது ஒரு மாதச் சம்பளம் என்றுதான் இருந்தது, மூன்று மாதம் என்று எங்கேயும் இல்லை. என் சம்பளம் 24,500. அதைக் கொடுக்கச் சம்மதம், வர வேண்டிய பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்று நானே எழுதினேன். 17 நாள் சம்பளம் 13,435, மிச்சமிருந்த 13 நாள் ஈட்டிய விடுப்புக்கு 12,250, இரண்டும் சேர்ந்து 25,685. அதில் 24,500 போக எனக்கு 1,185 ரூபாய். சொற்பத் தொகைதான். ஆனால் கணக்கை எழுத்தில் வைத்த பிறகு மூன்று மாதப் பேச்சை அவர்கள் மறுபடி எடுக்கவே இல்லை.

கிராஜுட்டி வேறு கதை. நான் 2017 ஜூனில் சேர்ந்தவள், ஐந்து வருடம் ஒன்பது மாதம் ஆகியிருந்தது. ஐந்து வருடம் முடிந்துவிட்டால் உரிமை உண்டு, ஆறு மாதத்துக்கு மேல் இருக்கும் மிச்சத்தை முழு வருடமாகக் கணக்கிட வேண்டும், ஆக ஆறு வருடம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 18,200. அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி ஆறு வருடத்துக்குப் பார்த்தால் 63,000. நோட்டீஸ் கொடுக்காமல் போனதால் கிடையாது என்றார்கள். அப்போது இருந்த 1972ஆம் வருடச் சட்டத்தில் கிராஜுட்டியை மறுக்கச் சொல்லியிருந்த காரணங்கள் கம்பெனிக்கு வேண்டுமென்றே நஷ்டம் உண்டாக்கியது, வன்முறை, ஒழுக்கக் கேடான குற்றம் போன்றவை, அதுவும் அதற்காக வேலையிலிருந்து நீக்கியிருக்க வேண்டும். நோட்டீஸ் அந்தப் பட்டியலில் இல்லை. கம்பெனியிடம் கிராஜுட்டி கேட்டு 30 நாளுக்குள் கொடுக்க வேண்டியிருந்த 'ஐ' (I) படிவத்தை ஏப்ரல் 10ஆம் தேதி ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் இல்லை. ஜூன் முதல் வாரம் வேலூரில் தொழிலாளர் துறை அலுவலகத்தில், கம்பெனி தரவில்லை என்று முறையிடும் 'என்' (N) படிவம் கொடுத்தேன். (2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன, இப்போது எந்தப் படிவம் என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.) அங்கே என்னைக் காப்பாற்றியது அந்த ஒப்புகை அட்டையும், விடிகாலை நாலு மணி வாட்ஸ்அப்பும். சொல்லாமல் ஓடிப்போனவள் ஆஸ்பத்திரியிலிருந்து ஏன் செய்தி அனுப்ப வேண்டும்?

பி.எஃப்.க்கு அவர்களைக் கெஞ்சவே தேவையில்லை என்பது தெரியாமல் இரண்டு மாதம் வீணாகக் கவலைப்பட்டேன். கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்தால், கம்பெனி போடாத விலகல் தேதியை யு.ஏ.என். (நம் பி.எஃப். கணக்கு எண்) தளத்தில் நாமே போடலாம், ஆதாரோடு இணைந்த போன் எண்ணுக்கு ஓ.டி.பி. வரும், அவ்வளவுதான். தேதியை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துப் போடுங்கள், பிறகு திருத்துவது பெரிய வேலை. ஜூலையில் காட்பாடியில் வேறு இடத்தில் சேர்ந்ததும் பணத்தை எடுக்காமல் மாற்றக் கொடுத்தேன். சான்றளிக்கப் பழைய முதலாளியா புதிய முதலாளியா என்று அப்போது கேட்டது, புதியவரைத் தேர்ந்தெடுத்ததால் பழைய கம்பெனி வாசலை மிதிக்க வேண்டியிருக்கவில்லை. ரிலீவிங் லெட்டர் இல்லாததற்கும் புதிய இடத்தில் யு.ஏ.என். பணி வரலாறையும் வங்கிப் பாஸ்புக்கையும் ஏற்றுக்கொண்டார்கள்.

சான்றிதழ்தான் மனசை அறுத்தது. வாங்கியதற்கு ரசீது தரவில்லை, ஆனால் சேரும்போது கொடுத்த ஆவணப் பட்டியலின் ஜெராக்ஸில் "டிப்ளமோ ஒரிஜினல்" எதிரே டிக் அடித்து கம்பெனி முத்திரை இருந்தது. அந்தக் காகிதத்தை ஆறு வருடம் பத்திரப்படுத்தியது அம்மா, ரேஷன் கார்டு வைக்கும் அதே பையில். அதன் நகலை இணைத்து, சான்றிதழைத் திருப்பிக் கேட்டுத் தனியாக ஒரு கடிதம் போட்டேன்.

தொழிலாளர் துறை நோட்டீஸ் போன பிறகு, விசாரணை தேதிக்கு முன்பே, ஆகஸ்ட் 16ஆம் தேதி கம்பெனியில் கூப்பிட்டார்கள். மேஜைமேல் ஒரு தாள், "எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை" என்று டைப் அடித்து, தொகையே குறிப்பிடாமல். கையெழுத்துப் போட்டால்தான் செக் என்றார்கள். கை நடுங்கியது, ஆனால் போடவில்லை. கிராஜுட்டி 63,000, நான்கு மாதத் தனி வட்டி 10 சதவீதம் 2,100, சம்பளப் பாக்கி 1,185, டிப்ளமோ ஒரிஜினல் என்று என் பேனாவால் வரிசையாக எழுதி, "இவை கிடைத்தன" என்று சேர்த்த பிறகுதான் போடுவேன் என்றேன். அரை மணி நேரம் உள்ளே பேசினார்கள். அப்புறம் பீரோவைத் திறந்தார்கள்.

சர்வீஸ் சர்டிபிகேட்டில் சேர்ந்த தேதியும் விட்ட தேதியும் மட்டும் இருக்கின்றன, நன்னடத்தை பற்றி ஒரு வரி இல்லை. அதைக் கேட்டு வாங்க எனக்கு மனம் வரவில்லை. அன்று சாயங்காலம் அப்பாவிடம் டிப்ளமோவைக் காட்டினேன். அவர் இடது கையால் பிடித்து, பெயரை எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தார்.