கூட்டத்தைப் பார்த்து வாங்கிய பங்கு

துணி, செருப்பு, வீட்டுச் சாமான் என்று மாடி மாடியாக விற்கும் ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோர் நிறுவனத்தின் பங்குதான் சில்லறை வணிகத் துறையில் நான் முதலில் வாங்கியது. காரணம் இரண்டே இரண்டு. எப்போது போனாலும் கடையில் கூட்டம் இருந்தது. பி.இ. விகிதம், அதாவது ஒரு பங்குக்கான வருட லாபத்தைப் போல் பங்கின் விலை எத்தனை மடங்கு என்பது, 8-க்குக் கீழே இருந்தது. ஒன்றரை வருடத்தில் போட்ட பணத்தில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. விலை இறங்க இறங்க மேலும் வாங்கி, சராசரி விலையைக் குறைக்க ஆவரேஜ் செய்துகொண்டே போனேன். பங்குதாரர்களுக்கு லாபத்திலிருந்து தரும் டிவிடெண்டை நிறுத்துகிறோம் என்று அறிவித்த அன்று எல்லாவற்றையும் விற்றேன்.

விற்ற பிறகுதான் ஆண்டறிக்கையை ஒழுங்காகப் படித்தேன். வாங்கும் முன் செய்திருக்க வேண்டிய வேலை அது. லாபநட்டக் கணக்கில் பெரிய குறை எதுவும் தெரியவில்லை. விஷயம், சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பில், ‘சரக்கிருப்பு’ என்ற ஒற்றை வரியில் இருந்தது. இரண்டு வருடத்தில் விற்பனை 6% கூடியிருக்க, சரக்கு 30 சதவீதத்துக்கும் மேல் ஏறியிருந்தது. நான் கண்ட கூட்டம் தள்ளுபடிக்கு வந்த கூட்டம்!

இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வாரங்கள் ஆயின. விற்காத சரக்கின் கொள்முதல் செலவு லாபநட்டக் கணக்குக்கு வராது. சொத்து என்ற பெயரில் இருப்பிலேயே உட்கார்ந்திருக்கும். ஆனால் அதற்கான பணம் ஒன்று வெளியே போயிருக்கும், அல்லது சப்ளையருக்குக் கடனாக நிற்கும். அதனால் கிடங்கு நிரம்பிக்கொண்டிருக்கும்போதும் லாபம் நன்றாகவே தெரியும். சீசன் முடிந்த துணியை அடிமாட்டு விலைக்குத் தள்ளும் காலாண்டில்தான் உண்மை மொத்தமாக வெளியே வரும்.

அன்றிலிருந்து முதலில் போடுவது ஒரு சின்னக் கணக்கு. சரக்கிருப்பை, விற்ற பொருளின் வருட அடக்க விலையால் வகுத்து 365 ஆல் பெருக்க வேண்டும். இருப்பு 300, அடக்க விலை 900 என்றால் ஏறத்தாழ 122 நாள். அவ்வளவு நாள் சரக்கு கையில் கிடக்கிறது என்று பொருள். டிபார்ட்மென்ட் ஸ்டோர்களில் இது 100 நாளைத் தாண்டுவது சாதாரணம். காஸ்ட்கோ போன்ற மொத்த விலைக் கடையில் ஒரு மாதத்தையொட்டி நிற்கும். ஆகவே ஒரு நிறுவனத்தை அதே மாதிரிக் கடையோடுதான் ஒப்பிட வேண்டும். காலாண்டையும் போன வருடத்தின் அதே காலாண்டோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். பண்டிகைக்கு முன் சரக்கு குவிவது இயல்பு. அதைப் பார்த்து நான் ஒருமுறை தேவையில்லாமல் பயந்திருக்கிறேன்.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நடக்கும். 2022 மே மாதம் அமெரிக்காவின் டார்கெட் என்ற சில்லறைக் கடை நிறுவனம் காலாண்டு முடிவை வெளியிட்டபோது வருவாய் 4% கூடியிருந்தது, சரக்கோ 43%. ஒரே நாளில் பங்கு சுமார் 25% விழுந்தது. அடுத்த மாதமே, லாபம் குறைந்தாலும் பரவாயில்லை, தள்ளுபடி கொடுத்துத் தேங்கிய சரக்கைத் தீர்க்கிறோம் என்று அவர்களே அறிவித்தார்கள்.

அப்புறம், மொத்த விற்பனை வளர்ச்சியை நம்புவதை விட்டேன். புதுக் கடைகளைத் திறந்துகொண்டே போனால் அது தானாகக் கூடும். ஒரு வருடத்துக்கு மேல் நடக்கும் பழைய கடைகள் மட்டும் எவ்வளவு வளர்ந்தன என்பதைத்தான் தேடுகிறேன். அதிலும் வாடிக்கையாளர் எண்ணிக்கை கூடியதா, விலை ஏறியதா என்று பிரித்துச் சொல்லும் நிறுவனங்கள் மேல் எனக்கு மரியாதை அதிகம்.

வாடகையும் கவனிக்க வேண்டிய விஷயம். 2019 முதல் சர்வதேசக் கணக்கு விதிப்படி கடைகளின் குத்தகை இருப்புநிலைக் குறிப்பில் கடனாக ஏறுகிறது. வாடகை, தேய்மானமாகவும் வட்டியாகவும் உருமாறிவிடும். அதனால் வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபம் திடீரென்று குண்டாகத் தெரியும். குத்தகைத் தொகையைக் கழித்துவிட்டே நான் பார்க்கிறேன்.

‘வியாபாரம் போனாலும் நிலம் இருக்கிறது’ என்ற வாதத்துக்கும் நான் மயங்கியிருந்தேன். அமெரிக்க டிபார்ட்மென்ட் ஸ்டோர் நிறுவனமான சியர்ஸின் பங்கை அப்படி நம்பி வைத்திருந்தவர்கள் நிறையப் பேர். 2005-இல் கேமார்ட் என்ற இன்னொரு கடை நிறுவனத்தோடு இணைந்த அந்த நிறுவனம், 2018 அக்டோபரில் திவால் மனு கொடுத்தது. கடை நஷ்டத்தில் ஓடும் ஒவ்வொரு வருடமும் அந்த நிலத்தின் மதிப்பையும் சேர்த்துத்தான் தின்னும்.

இந்த முறை ஒரு நிறுவனத்தை நான்கு காலாண்டுகள் வாங்காமலே கவனித்தேன். நான்காவது முடிவில் லாபம் பாதியாகக் குறைந்திருந்தது. ஆனால் பழைய சரக்கைக் கழித்துக் கட்டியதுதான் அதற்குக் காரணம். போன வருடம் அதே காலாண்டில் 110 ஆக இருந்த சரக்கு நாள் 84-க்கு இறங்கியிருந்தது. செயல்பாட்டிலிருந்து வந்த ரொக்கம் கூடியிருந்தது. பழைய கடைகளின் விற்பனை குறையவில்லை. மறுநாள் பங்கு 9% விழுந்தபோது, நினைத்திருந்த தொகையில் மூன்றில் ஒரு பகுதிக்கு வாங்கினேன். மீதியை அடுத்த இரண்டு காலாண்டு முடிவுகளையும் பார்த்துவிட்டு, சரக்கு மறுபடி ஏறவில்லை என்று தெரிந்த பிறகே வாங்கினேன்.