பனங்கையில் ஒரு பாத்திர அடுக்கு

ஓட்டுக் கூரையைப் பிரித்து கான்கிரீட் போட்ட பிறகு கொல்லையில் மிஞ்சியவை: கூரையைத் தாங்கிய பனைமரக் கட்டைகளான பனங்கைகள், ரீப்பர் என்கிற மெல்லிய மரச்சட்டத் துண்டுகள், ஒரு சன்னல் கதவு, பழைய கதவுப் பலகைகள், பழைய சமையல் மேடையின் கடப்பாக்கல். பழைய சாமான் எடுக்க வந்தவர் பனங்கையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஏல, வெந்நி அடுப்புக்கு வெட்டிப் போடு, இடமாவது காலியாகும்” என்றாள் அம்மா. எனக்கு மனசு வரவில்லை. ஓடு, சட்டம் எல்லாவற்றையும் இத்தனை வருஷம் சுமந்த மரம், நாலு பாத்திரத்தைச் சுமக்காதா?

முதலில் படம் வரையவில்லை. இருக்கிற மரத்தை நீளவாரியாகச் சுவரில் சாய்த்து வைத்தேன். அளவை அதுவே சொல்லிவிட்டது: ஆறடி உயரம், நாலடி அகலம். தட்டுகளின் இடைவெளி மட்டும் பாத்திரங்களை வைத்து: கீழே அண்டா, அதற்கு மேல் சருவம், தூக்குவாளி, மேலே டப்பாக்கள்.

பனங்கையில் வேலை செய்வது வேறு மரம் போல இல்லை. வெளிமுகம் கறுத்து வைரம் பாய்ந்திருக்கும். உள்முகம் நார் நாராக மெத்தென்று. ஸ்க்ரூ உள்முகத்தில் இறங்கினால் பிடிமானமே இல்லை. வெளிமுகத்தில் நேராக ஆணி அடித்தால் ஒன்று ஆணி வளையும், இல்லை மரம் பிளக்கும். பக்கத்துத் தெரு ஆசாரி எட்டிப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, பனையில சுத்தியல எடுக்கப்படாது. ஓட்டை போட்டு முடுக்குங்க.” ஸ்க்ரூவை விடச் சன்னமான ட்ரில் பிட்டால் துளைத்து, வைரப் பக்கமே ரீப்பரைப் பொருத்தினேன். அப்புறம், கையுறை இல்லாமல் பனங்கையைத் தொடாதீர்கள். அதன் சிராய் ஏறினால் வெளியே எடுப்பதற்குள் உயிர் போய்விடும்.

கறையானுக்கு அந்தக் காலத்தில் பூசிய முந்திரிக்கொட்டை எண்ணெய்தான். பட்ட இடம் வெந்துவிடும், நெடியும் உண்டு. அதனால் வெட்டிய அடிமுனைகளுக்கு மட்டும் பூசி வெயிலில் காய விட்டேன். ஈரத்தை உறிஞ்சுவது அந்த முனைதான். காலுக்கு அடியில் உடைந்த கடப்பாத் துண்டு ஒவ்வொன்று.

அடித்தட்டு தரையிலிருந்து ஓரடிக்கு மேல். எங்கள் வீடு திருநெல்வேலி சிந்துபூந்துறையில். 2023 டிசம்பர் மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததைப் பார்த்தவர்கள் யாரும் அரிசியைத் தரையோடு வைக்க மாட்டார்கள். அந்தத் தட்டில்தான் கடப்பாக்கல். நாலடிக்கு ஒன்றேகாலடி, முக்கால் இஞ்ச் கனம். தோராயமாக ஓர் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை எடை. அந்த எடை அடியில் உட்கார்ந்ததும் அடுக்கு ஆடுவது நின்றது. இருந்தாலும் உச்சியில் இரண்டு இடத்தில் சுவரோடு முடுக்கிவிட்டேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் ஏறும்.

தரை வாசல் பக்கம் சரிவு. ரசமட்டம் நம்மிடம் இல்லை. கொத்தனார் மாதிரி டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடித்தேன். முன்கால்களுக்குக் கூடுதலாக ஒரு சில்லு தேவைப்பட்டது.

மேல்தட்டுகள் பழைய கதவுப் பலகை. இழைப்புளி போட்டதும் உள்ளே தேக்கு நிறம் வந்தது. பெயிண்ட் அடிக்கப் போவதில்லை, ஆளிவிதை எண்ணெய் மட்டும்.

இன்னும் பாக்கி: சன்னல் கதவை அடித்தட்டுக்குக் கதவாக்க வேண்டும். கீல் பழையதே போதும், கொண்டி மட்டும் வாங்க வேண்டும். மிச்சம் கிடக்கும் பனங்கையில் செருப்பு ஸ்டாண்டு கேட்கிறாள் அம்மா, அடுப்புப் பேச்சையே காணோம்.