புது மரைன் தொட்டியில் நைட்ரேட் 75: படிப்படியாக இறக்கிய விதம்

அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், சைக்கிள் (அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா புதுத் தொட்டியில் வளர்ந்து நிலைப்பது) முடிந்தது. ஆனால் நைட்ரேட் குழாய் மட்டும் செக்கச்செவேலென்று நிற்கிறது. புது உப்புநீர்த் தொட்டி வைக்கிறவர்களில் பெரும்பாலானோர் வந்து நிற்கும் இடம் இதுதான். கடையில் கேட்டால் ஒரு பாட்டிலைக் கையில் கொடுப்பார்கள். பாட்டிலுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை மூன்று: அளவு சரியா, ஊற்றும் தண்ணீர் சுத்தமா, தினமும் எவ்வளவு புதிதாகச் சேருகிறது.

இங்கே சொல்வது 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி. கீழே சம்ப் (வடிகட்டும் சாதனங்கள் இருக்கும் துணைத் தொட்டி), ஸ்கிம்மர் (குமிழி நுரையோடு அழுக்கை வெளியே தள்ளும் கருவி), உலர்ந்த பாறை, மெல்லிய மணல். தொட்டியின் கொள்ளளவு 190 லிட்டர். பாறை, மணல், மேலே விட்ட இடைவெளி எல்லாம் கழித்து, சம்ப்பைச் சேர்த்தால் உண்மையில் ஓடும் தண்ணீர் 180 லிட்டர். நிரப்பும்போதே குடத்தை எண்ணி எழுதி வைத்துவிடுங்கள். பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இந்த எண்ணை நம்பித்தான் இருக்கிறது.

முதலில் அளவு. நைட்ரேட் கிட் (தண்ணீர்ச் சோதனைப் பெட்டி) செய்வது, நைட்ரேட்டில் ஒரு பகுதியை நைட்ரைட்டாக மாற்றி அந்த நைட்ரைட்டுக்கு நிறம் காட்டுவது. அதனால் தொட்டியில் ஏற்கெனவே கொஞ்சம் நைட்ரைட் இருந்தாலும் நைட்ரேட் பல மடங்கு ஏறித் தெரியும். இந்தத் தொட்டியில் நைட்ரைட் 0.25 இருந்த நாளில் நைட்ரேட் 160 காட்டியது. அந்த எண்ணைப் பொருட்படுத்தவே கூடாது. நைட்ரைட் முழுதாகப் பூஜ்யம் ஆனபிறகு எடுத்த அளவுதான் அளவு.

ஏபிஐ நிறுவனத்தின் கிட் என்றால் 5 மி.லி. தண்ணீரில் முதல் பாட்டில் 10 சொட்டு, பிறகு இரண்டாவது பாட்டில் 10 சொட்டு. இரண்டாவது பாட்டிலின் அடியில் மருந்து படிந்துவிடும். அதைச் சொட்டுவதற்கு முன் 30 வினாடி நன்றாகக் குலுக்க வேண்டும். மேசையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் குலுக்கினால் இன்னும் நல்லது. சொட்டியபின் குழாயை ஒரு நிமிடம் குலுக்கி, 5 நிமிடம் கழித்துப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குலுக்கலில் சோம்பல் பட்டால் அளவு குறைவாக வரும். அந்த நிம்மதி பொய்.

இன்னொரு சிக்கல், 40க்கும் 80க்கும் நடுவே கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஒரு பங்கு தொட்டித் தண்ணீரோடு நாலு பங்கு டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) பூஜ்யமான தண்ணீரைக் கலந்து சோதித்து, வந்ததை ஐந்தால் பெருக்குங்கள். இந்தத் தொட்டியில் கலந்த தண்ணீர் 10க்கும் 20க்கும் நடுவில் நின்றது. ஆக, சுமார் 75 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்). சில கிட்டுகள் நைட்ரேட்டை நைட்ரஜன் கணக்கில் காட்டும், அப்படியானால் 4.4ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

75 எங்கிருந்து வந்தது? சைக்கிளுக்கு உரித்த இறால் போட்டு அழுகவிட்டதில் பெரும்பங்கு. 1 பிபிஎம் அம்மோனியா நைட்ரேட்டாக மாறி முடியும்போது சுமார் 3.6 பிபிஎம் ஆகும். இரண்டு இறாலைக் கரையும்வரை விட்டுவைத்தால் எங்கே போய் நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அம்மோனியா ஏறத் தொடங்கியதும் மிச்ச இறாலை எடுத்து வெளியே போட்டிருந்தால் பாதி வேலை மிச்சம்.

மீதி, ஊற்றிய தண்ணீரிலேயே இருந்தது. பலரும் கவனிக்காத இடம் இது. குடிநீருக்கான இந்தியத் தரமே லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரை ஏற்றுக்கொள்கிறது. குடிக்கத் தகுந்த போர்வெல் தண்ணீர் தொட்டிக்குத் தகாமல் போவது இப்படித்தான். வீட்டு ஆர்ஓ இருக்கிறதே என்றால், பெரும்பாலான வீட்டு மெஷினில் டிடிஎஸ் கண்ட்ரோலர் என்று ஒரு சின்ன வால்வு இருக்கும். ருசிக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரை வடிகட்டிய தண்ணீரோடு கலந்துவிடும். இந்த வீட்டு ஆர்ஓ தண்ணீரின் டிடிஎஸ் 70, நைட்ரேட் 10. வால்வை முழுக்க மூடியதும் டிடிஎஸ் 18. அதன்பின் ஒரு டிஐ ரெசின் குழாயை (மிச்ச உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் மணிகள் நிரப்பிய குழாய்) மாட்டியதும் பூஜ்யம். ஆர்ஓ மெம்பிரேன் மற்ற உப்புகளைத் தடுக்கும் அளவுக்கு நைட்ரேட்டைத் தடுப்பதில்லை. பழைய மெம்பிரேன் இன்னும் மோசம். ரெசின் இல்லாமல் மரைன் தொட்டி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கேன் தண்ணீரையும் சோதிக்காமல் ஊற்றாதீர்கள், கேனுக்குக் கேன் மாறும்.

இந்த 10 பிபிஎம் எவ்வளவு வித்தியாசம் செய்யும்? பாதித் தண்ணீரை மூன்று முறை மாற்றினால், சுத்தமான தண்ணீரில் 75, 37, 19, 9 என்று இறங்கும். 10 உள்ள தண்ணீரில் 75, 42, 26, 18. அதற்குமேல் எத்தனை முறை மாற்றினாலும் 10க்குக் கீழே போகவே போகாது.

தொட்டியில் இன்னும் மீன் இல்லாததால் பெரிய மாற்றமே சரி. மீன் விட்டபிறகு ஒரே நாளில் பாதியை மாற்றத் தயங்க வேண்டும், இப்போது தயங்க எதுவும் இல்லை. பத்து சதவீதமாக ஐந்து முறை மாற்றினால் 75 ஆனது 44க்குத்தான் வரும். உப்பும் உழைப்பும் வீண். ஒரு முறைக்கு 90 லிட்டர், லிட்டருக்கு 36 கிராம் வீதம் 3.2 கிலோ உப்பு. நீல டிரம்மில் பம்ப் போட்டு 24 மணி நேரம் சுழலவிட்டு, ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பளவு காட்டும் கருவி) 35 வந்ததும், வெப்பநிலை ஒரு டிகிரிக்குள் பொருந்தியதும் மாற்றினோம். உப்பை டிரம்மில் போட்டுவிட்டு மேலே தண்ணீர் ஊற்றக் கூடாது. கால்சியம் வெள்ளையாகப் படிந்துவிடும். தண்ணீரைப் பிடித்துவைத்து, சுழலும்போது உப்பைத் தூவ வேண்டும். கேஎச்-ஐயும் (தண்ணீரின் காரத்தன்மை அளவு) பாருங்கள்: 50 பிபிஎம் நைட்ரேட் உருவாகும்போது கேஎச் சுமார் 2.3 குறைந்திருக்கும், புதுத் தண்ணீர் அதை மீட்டுத் தரும்.

வெளியேற்றும் தண்ணீரை வெறுமனே கொட்டாமல் அதோடு அழுக்கையும் எடுக்க வேண்டும். வேவ் மேக்கரை (தொட்டிக்குள் அலை எழுப்பும் பம்ப்) கையில் பிடித்துப் பாறை இடுக்குகளில் அடித்தால் பழுப்புத் தூள் மேகம் போலக் கிளம்பும். அது அடங்குவதற்குள் சைஃபன் குழாயை வையுங்கள். மணலை ஒரு முறைக்கு மூன்றில் ஒரு பகுதி மட்டும் உறிஞ்சினோம். நாலு அங்குலத்துக்கு மேல் ஆழமான பழைய மணலாக இருந்தால் கிண்டவே கூடாது, அடியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு இருக்கலாம்.

இரண்டு வாரத்தில் மூன்று மாற்றம் முடிந்து 9க்கு வந்தது. இரண்டு க்ளௌன் மீன் விட்டோம். பத்து நாளில் மறுபடி 22.

இங்கேதான் மூன்றாவது கேள்வி. 45 சதவீதப் புரதமுள்ள பெல்லட் ஒரு கிராமில் 0.072 கிராம் நைட்ரஜன் இருக்கிறது. அத்தனையும் நைட்ரேட்டானால் 0.32 கிராம், 180 லிட்டரில் 1.8 பிபிஎம். மீன் உடம்பில் கொஞ்சம் தங்கினாலும், தினம் ஒரு கிராம் போட்டால் வாரத்துக்குப் பத்துக்கு அருகே ஏறும். நகைத் தராசில் வைத்துப் பார்த்தபோது, வீட்டில் போட்ட ஒரு சிட்டிகை அரை கிராம், ஒரு நாளைக்கு மூன்று சிட்டிகை. இரண்டு சின்ன க்ளௌனுக்கு 0.2 கிராம் தாராளம். உறைந்த ஆர்ட்டீமியா (மீன் தீனியாகும் குட்டி உப்புநீர் உயிரி) என்றால் கரையவைத்து, டீ வடிகட்டியில் சுத்தத் தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். ஃபில்டர் சாக்கை (அழுக்கை வடிகட்டும் துணிப் பை) மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றினோம். சாக்கில் சிக்கிய அழுக்கு தண்ணீருக்குள்தான் இன்னும் அழுகிக்கொண்டிருக்கிறது. தீனியும் சாக்கும் சரியானதும் ஏற்றம் வாரத்துக்கு 3க்கு வந்தது.

அந்த 3க்காகத்தான் வினிகர். ஸ்கிம்மர் இல்லாத தொட்டியில் இதைத் தொடவே கூடாது. வினிகரின் கார்பனைத் தின்று பெருகும் பாக்டீரியா நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் இழுத்துக்கொள்ளும், ஸ்கிம்மர் அந்தப் பாக்டீரியாவை வெளியே தள்ளும். சர்க்கரை, உப்பு, நிறம் சேராத வெள்ளை வினிகர், 4 முதல் 5 சதவீதம். 180 லிட்டருக்கு முதல் மூன்று நாள் தினம் 1.4 மி.லி., அடுத்த நாலு நாள் 2.8, பிறகு வாரத்துக்கு 2 மி.லி. கூட்டிக்கொண்டே போக வேண்டும். காலையில், விளக்கு எரியத் தொடங்கியபின், ஸ்கிம்மர் பக்கம் சொட்டாக விடுங்கள். இரவில் விட்டால் பிஎச் இன்னும் தாழும். முதல் இரண்டு வாரம் கிட்டில் எதுவும் அசையாது. பொறுமை இழந்து இரட்டிப்பாக்கினால் தண்ணீர் பால் போலக் கலங்கி ஆக்சிஜன் சரிந்துவிடும். அப்படி ஆனால் வினிகரை உடனே நிறுத்தி, ஏர் பம்ப் போட்டு, ஸ்கிம்மரை ஈரமாக, அதாவது நீர்த்த நுரை அதிகம் வெளியேறும்படி, ஓடவிடுங்கள். மின்சாரம் போன நாளில் வினிகர் இல்லை, கோடையில் தண்ணீர் 29 டிகிரிக்கு மேல் போன நாளிலும் இல்லை. பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் வீட்டில் இருக்கட்டும்.

பாஸ்பேட் பூஜ்யத்தில் இருந்தால் வினிகர் வேலை செய்யாது, பாக்டீரியாவுக்கு அதுவும் வேண்டும். 0.03 பிபிஎம்முக்குக் கீழே போனால் பாஸ்பேட் நீக்கியைக் கழற்றிவிடுங்கள். நன்னீர்த் தொட்டிக்கு விற்கும் நைட்ரேட் ரெசினுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். கடல்நீரில் உள்ள குளோரைடும் சல்ஃபேட்டும் அதன் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

வினிகர் தொடங்கிய ஐந்தாவது வாரம் நைட்ரேட் 8. மென்பவளங்களுக்கு 5 முதல் 15 நல்ல இடம். அங்கே வந்ததும் வினிகரைப் பாதியாகக் குறைத்து அந்த அளவிலேயே வைத்துக்கொண்டோம். பூஜ்யத்துக்கு இறக்கினால் பவளம் வெளிறும், மணலில் குமிழோடு பழுப்புச் சளி போல டைனோ (டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்) படரும். அதை விரட்டுவது நைட்ரேட்டை இறக்குவதைவிடக் கடினம். இப்போது வாரம் ஒரு சோதனை, பத்து நாளைக்கு 20 லிட்டர் மாற்றம், வினிகர் தினம் 4 மி.லி.