அயராத உழைப்புக்கு ஆதாரம் எங்கே?

எங்கள் டைரக்டர் ஓய்வு பெறுகிறார், பாராட்டு மடலை எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். கொள்கை ஆய்வு அமைப்பில் காலம் தள்ளுகிறவனுக்குப் பாராட்டு சுலபத்தில் வராது. பிறந்தநாள் வாழ்த்து அட்டையில்கூட அடிக்குறிப்பு தேடுகிற ஆள் நான், வீட்டில் மனைவியைக் கேட்டால் சொல்வாள். இருந்தும் 'அயராத உழைப்பு', 'தன்னிகரற்ற தலைமை' என்று அள்ளிப் போட்டு ஒரு பக்கம் தேற்றினேன்.

எங்கள் ஆபீசில் இரண்டு பேர் மதிப்பாய்வு செய்யாமல் ஒரு காகிதமும் வெளியே போகாது. சட்டம் போட்டவரே டைரக்டர்தான். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் அதை அப்படியே நம்பி, மடலைத் துறை வல்லுநருக்கு அனுப்பிவிட்டான். டைரக்டரைப் பற்றிய விஷயத்தில் டைரக்டரைவிட வல்லுநர் யார் இருக்கிறார், சொல்லுங்கள்!

மறுநாள் காலை மடல் முழுக்கச் சிவப்பாகத் திரும்பி வந்தது. 'அயராத'வுக்குப் பக்கத்தில், "ஆதாரம்? மதியம் மூன்று மணிக்கு மேல் அயர்ந்திருக்கிறேன், சாட்சிகள் உண்டு." 'தன்னிகரற்ற'வுக்கு, "யாரோடு ஒப்பிட்டது?" இவரது அறிக்கையால்தான் சட்டம் திருத்தப்பட்டது என்ற வரியை அடித்தே விட்டார். ஓரத்தில், "அறிக்கை வந்தது, திருத்தமும் வந்தது, நடுவில் ஒரு தேர்தலும் வந்தது." கீழே இறுதி முடிவு: "சிறு திருத்தங்களுடன் ஏற்கலாம். பாதியாகச் சுருக்கவும்."

திருத்தங்களை எல்லாம் ஏற்றுக்கொண்டு சுருக்கியதில் அவர் பெயரும் வேலையில் சேர்ந்த தேதியும் மிஞ்சின.

விழாவுக்கு ஆளுங்கட்சிக்காரர் ஒருவர், எதிர்க்கட்சிக்காரர் ஒருவர். நடுநிலை அமைப்பு அல்லவா? யார் முதலில் பேசுவது என்பதற்குச் சாதக பாதகங்களோடு ஒரு குறிப்பே தயாரானது, அதைப் படிக்க ஒரு குழு, அந்தக் குழுவுக்குத் தலைவர் யார் என்பதில் இன்னொரு சண்டை. கடைசியில் சீட்டு குலுக்கினார்கள்.

அப்புறம் பேச்சுகள். அவரைப் பற்றிய நல்ல கதையெல்லாம் மூடிய அறைக் கூட்டங்களில் நடந்தவை. அங்கே சாத்தம் ஹவுஸ் விதி. லண்டனில் 1927-ல் வகுத்தது: கேட்டதைப் பயன்படுத்தலாம், சொன்னவர் யார், எந்த அமைப்பு என்று மட்டும் வெளியே விடக் கூடாது. ஆகவே ஒவ்வொருவரும் மைக்கைப் பிடித்து, "ஒரு முறை, ஒரு அமைச்சர், ஒரு விஷயமாக, நம்ம சாரைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார்" என்று ஆரம்பித்தார்கள். அந்த வார்த்தையையாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா? எதிர்க்கட்சிக்காரர் மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் அந்த அமைச்சர் யாரென்று அரங்கத்துக்கே தெரிந்துபோயிற்று.

கேடயம் வேண்டாம் என்று இளையவர்கள் ஒரு அட்டை செய்து வந்திருந்தார்கள். ஜோசப் ஓவர்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் தொண்ணூறுகளில் அட்டையில் நகரும் பட்டை ஒன்றைச் செருகி, அரசியல்வாதி துணிந்து ஆதரிக்கக்கூடிய யோசனைகளின் எல்லை மக்கள் மனத்தோடு நகரும் என்று காட்டினார். அவர் 2003-ல் விமான விபத்தில் இறந்த பிறகுதான் அதற்கு 'ஓவர்டன் ஜன்னல்' என்று பெயர் விழுந்தது. சேருகிற ஒவ்வொருவருக்கும் டைரக்டர் இந்தக் கதையைச் சொல்வார், ஏற்கெனவே கேட்டவர்களுக்கும் சொல்வார். இவர்கள் செய்த அட்டையில் அவருடைய அறிக்கைகளின் தலைப்புகளை எழுதி, மேலே ஜன்னல் நகரும்படி வைத்திருந்தார்கள்.

அவர் அதை இழுத்து இழுத்துப் பார்த்தார். எங்களில் பாதிப்பேர் மறந்தேபோன அவருடைய முதல் அறிக்கைக்கு வந்ததும் நிறுத்தி, "இதையெல்லாம் யாராவது படிச்சீங்களா?" என்றார். மைக் ஆனில் இருந்தது அவருக்குத் தெரியாது. "அடிக்குறிப்பு வரைக்கும் படிச்சோம் சார். பன்னிரண்டாவது குறிப்பில் பக்க எண் தப்பு" என்றாள் ஒரு பெண். எழுதி வைத்திருந்த ஏற்புரையை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ்மா" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். மணிக்கணக்கில் பேசுகிற மனிதர்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் உருகி உருகிச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, இத்தனை வருஷத்தில் அவர் சொன்னதில் எது நடந்தது?" என்றாள். பங்களிப்பு வேறு, காரணம் வேறு என்று நான் ஆரம்பிப்பதற்குள் விளக்கை அணைத்துவிட்டாள்.