குலுங்கினால் குற்றம் பிராவில்தான்

மார்பு குலுங்குவதை யாராவது பார்ப்பார்களோ என்று தோளை முன்னால் குறுக்கிக்கொண்டு ஓடும் பெண்கள் நிறைய. சிலர் ஒன்றன்மேல் ஒன்றாக 2 பிரா, அதற்கு மேல் தொளதொள டீ-ஷர்ட். மார்பகத்துக்குள் தசையே கிடையாது. ஓடினால் அது அசையத்தான் செய்யும்.

ஸ்போர்ட்ஸ் பிரா வாங்கும்போது மார்புக்குக் கீழே டேப்பை இறுக்கமாகச் சுற்றி அளவெடுங்கள். பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் அந்த அடிப்பட்டைதான், தோள்பட்டி இல்லை. மாட்டியபின் பட்டைக்குள் 2 விரல் நுழைந்தால் போதும். கையைத் தூக்கும்போது பட்டை மேலே ஏறினால் தளர்வு. தோளில் தடம் பதிகிறதா? அதற்கும் பெரும்பாலும் தளர்ந்த பட்டையே காரணம். கப் ஓரத்தில் சதை பிதுங்கினால் கப் சிறியது, அவ்வளவுதான். இதைப் பார்த்துவிட்டு "குண்டாயிட்டேன்" என்று ஜிம்மையே விட்டுவிடுவது அநியாயம். துணி சுருங்கி நின்றால் கப் பெரியது.

டிரயல் ரூமிலேயே 20 தடவை குதித்துப் பாருங்கள், கூச்சப்படாமல். பெரிய மார்புக்கு, வெறுமனே அமுக்கிப் பிடிக்கும் ரகத்தைவிடத் தனித்தனி கப் உள்ளது மேல். புதிதில் வெளி ஓரத்தில், தளர்வாக இருக்கும் கடைசிக் கொக்கியில் மாட்டுங்கள். எலாஸ்டிக் தளரத் தளர உள்கொக்கிக்கு மாறலாம்.